வளைந்த குழாய்

மதிவாணன் விமானத்தின் மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகுமாரி சுத்தியலைப் பிடுங்கினாள்.

"லாரியில ஏத்தும்போது இடிச்சு வளைஞ்சிருச்சுக்கா. நிமித்தினா சரியாப் போச்சு லா."

"இடிச்சு வளையல. செஞ்சதே அப்படித்தான். இது முதல் வகை இல்ல, ரெண்டாவது."

யோங் பெங் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தகரக் கூரை போட்டு, ஏலத்தில் எடுத்த பழைய போர் விமானத்தை நிறுத்தி, அருங்காட்சியகம் என்றும் விமானம் முதல் வகை என்றும் மதிவாணன் பலகை மாட்டியிருந்தான். மறுநாள் திறப்பு. கிருஷ்ணகுமாரி அவன் மனைவியின் அக்கா. விமானப் படையில் இருபது வருஷம் விமானி இருக்கைகளைப் பழுதுபார்த்தவள்.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். முதல் வகையில், பறக்கும்போதே எரிபொருள் வாங்கும் இந்த மூக்குக் குழாய் நேராக இருக்கும். விமானியை இருக்கையோடு வெளியே தூக்கியெறியும் பிடி தலைக்கு மேலே ஒன்றுதான். அதை அவன் பூட்டிவிட்டான், சரி. குழாய் வளைந்த வகையில் முழங்காலுக்கு நடுவிலும் ஒரு பிடி உண்டு. இழுத்தால் இருக்கைக்கு அடியில் உள்ள மருந்து வெடிக்கும்.

முப்பது வருஷத்து மருந்து நமுத்துப் போயிருக்கும் என்று அவன் ஏறி உட்கார்ந்தான். மகள் ஷர்மினி ஏணியில் நின்று கைப்பேசியை நீட்டினாள். கிருஷ்ணகுமாரி சுத்தியலும் கையுமாக மறுபுறம் இறக்கைமேல் ஏறினாள்.

மட்கிய மெத்தையை அவன் உருவியதும் மஞ்சளும் கறுப்புமாக வளையம் தெரிந்தது.

"இந்தா இருக்கே உங்க பிடி. இழுக்கிற மாதிரி ஒரு படம் எடு, ஷர்மினி."

கிருஷ்ணகுமாரிக்குப் படையில் கூட வேலை பார்த்த சதாசிவம் ஞாபகம் வந்தான். விமானக் கொட்டகைக்குள் இருக்கையைத் துடைக்க ஏறி, தெரியாமல் பிடியை இழுத்துவிட்டவன். உத்தரத்தில் ஒட்டியிருந்தவனை ஏணி வைத்துச் சுரண்டினார்கள். காலோடு ஒரு சப்பாத்து எதிர் விமானத்துச் சக்கரத்தடியில் கிடந்தது. இங்கே கூரை இன்னும் தாழ்வு. ஷர்மினியின் முகமோ ஒரு முழம் தள்ளி.

"கைய எடு, மதி."

அவன் சிரித்தபடி பிடியை இறுக்கினான். வளையம் அரை விரல் மேலே நகர்ந்தது.

சுத்தியல் அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஏணிவரை கேட்டது. அலறியவன் இடக்கையால் அவள் வாயில் குத்தினான். பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அவன் மறுபடி வளையத்தைப் பற்றி எழப் பார்த்தான். அந்தக் கையிலும் அடித்தாள். ஷர்மினி எட்டி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, "அப்பாவ விடுங்க பெரியம்மா" என்று இழுத்தாள். முடி கையோடு போனது. கிருஷ்ணகுமாரி திரும்பவில்லை. அவன் கழுத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த திருப்புளியை வளையத்துப் பூட்டுத் துளைக்குள் குத்தி இறக்கினாள். அதன்பிறகுதான் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

திறப்பு நடக்கவில்லை. மூன்றாம் நாள் வெடிகுண்டுப் பிரிவினர் வந்து மருந்துக் குழலைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். நமுக்கவே இல்லையாம். இன்னும் ஒரு விரல் இழுத்திருந்தால் போதுமாம்.

இரண்டு கையிலும் கட்டோடு மதிவாணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு தையல் போட்ட உதட்டோடு நின்றவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஷர்மினி, மூக்குல இருக்கிற அந்தக் குழாய யாரும் தொட வேணாம்னு சொல்லிரு" என்றான். "பலகைய மாத்து. பெரியம்மா சொன்ன வகைய எழுது."