ஏழாவது பக்கம்

பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் புளுகிவிட்டு ரேஸ் டிராக்குக்கு வந்திருந்தார் காப்பீட்டு முகவர். ஊருக்கெல்லாம் 'படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க' என்று உபதேசிக்கிறவர், எது நடந்தாலும் தானே பொறுப்பு என்ற ஆறு பக்கப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டார். அவசரத் தொடர்புக்குப் பழக்க தோஷத்தில் மனைவியின் எண்ணை எழுதித் தொலைத்தார்.

ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியில் அவர் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, எண்ணைச் சரிபார்க்க வரவேற்பாளர் போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் இங்க ரேஸ் கார் ஓட்டப் போறாரு. ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல."

மறுமுனையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எழுதி வாங்கிட்டீங்களா?"

"ஆறு பக்கம் மேடம்."

"ஏழாவதா ஒண்ணு சேருங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அவர் பல்லுக்கு நான் பொறுப்பில்ல."