எட்டு மாதப் பஞ்சு

பத்மாசனிக்கு முதலில் அருவருத்தது தன் வயிறுதான்.

பஞ்சும் பழைய சீலைத்துணியும் வைத்து அவளே தைத்த வயிறு. ஐந்தாம் மாதத்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று அளவு பார்த்து நாலு தைத்திருந்தாள். நாடாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடவேண்டும். அபுதாபிக்குப் பக்கத்து அல் ஐன் நகர வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு கோழி வாங்கக் கடைவரை போய்வந்தால் அடிவயிறு முழுக்க வேர்க்குரு பொங்கிவிடும். கழற்றினால் புளித்த மா வாடை. தோய்த்து வெளிக்கொடியில் போடவும் முடியாது, யாராவது கண்டால் கதை கந்தல். குளியலறைக் கதவைப் பூட்டி, மேசை விசிறியை உள்ளே வைத்துக் காயவைத்தாள். அந்த அரியண்டத்தைத் திரும்பக் கட்டும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

கலியாணம் முடிந்து பதினொரு வருடம். கட்டிடக் கம்பனி ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்த ஆனந்தராசாவுக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை. கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்றுக்கு எழுதிப்போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் பிள்ளை தரலாம் என்று இல்லத்துத் தலைவி மதர் பதில் எழுதியது எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில். கடிதத்தை வாசித்துவிட்டு அவள் அழுதாள். ஆனந்தராசா யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது கேடு வரும்.

"இஞ்சை பாரும். எடுத்த பிள்ளை எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் முதல் கேள்வி என்ன? ஆற்ரை பிள்ளை, என்ன சாதி. எங்கடை சனத்தை உமக்குத் தெரியாதே?"

தெரியும். அவளும் அந்தச் சனத்தில் ஒருத்திதானே. முந்தின வருடம் துபாயில் ஒரு சோடி பிள்ளை எடுத்த செய்தி வந்தபோது, பக்கத்து வீட்டுச் சுந்தரம்பாள் மூக்கைச் சுளித்து, "எந்தக் குப்பையிலை கிடந்துதோ, ஆர் கண்டது" என்றாள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பத்மாசனியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் வாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும் போல இருந்தது.

ஆகவே வயிறு தைத்தாள். வேறு வழி தெரியவில்லை. மறுத்தால் அவர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கமாட்டார் என்ற பயமும் இருந்தது.

தை மாதம் ஒன்பதாம் திகதி அந்த இல்லத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. மாசியில் மதர் படம் அனுப்பினார். பிளாஸ்டிக் தொட்டிலில் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, உலகத்தோடு ஏதோ வழக்குப் பேச வந்ததைப் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. பிள்ளையை எழுதி எடுக்க நீதிமன்றத்தில், அதுதான் கோட்டில், தவணை சித்திரை இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. கணவன் மனைவி இரண்டு பேரும் நீதவான் முன்னால் நிற்கவேண்டும். "வரத் தவறினால் ஒல்லாந்துச் சோடி ஒன்று காத்திருக்கிறது, பிள்ளையை அவர்களுக்குக் கொடுக்கவேண்டி வரும்" என்று மதர் கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்த வரி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆனந்தராசாவின் கணக்கு வேறு. கோட்டுத் தவணை முடிய அவர் அல் ஐனுக்குத் திரும்பி வருவார். அவள் பிள்ளையோடு கொழும்பு வெள்ளவத்தையில் இன்னும் ஐந்து மாதம் இருந்துவிட்டு வருவாள். ஆனியில் பிறந்தது என்று இங்கே எல்லாருக்கும் சொல்லவேண்டும்.

"எட்டு மாசப் பிள்ளையை மூண்டு மாசம் எண்டு ஆர் நம்புவினம்?"

"கொழுத்த பிள்ளை எண்டு சொல்லுவம்."

"பிறந்தநாள்?"

"ஆனி ஒன்பது. ஒன்பதை மாத்தவேண்டாம், ஞாபகம் வைக்கச் சுகம்."

இன்னும் நேரில் முகம்கூடப் பார்க்காத பிள்ளையின் பிறந்தநாளையே இந்த மனிதர் களவெடுக்கிறாரே என்று அவளுக்கு அருவருத்தது. இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

இதைவிடக் கேவலம், அவர் அந்தப் பஞ்சை மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியதுதான். முதலில் நடிப்பாக இருந்தது. பிறகு அவருக்கே ருசி பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சுந்தரம்பாளின் புருஷன் கந்தையாவும் இன்னும் நாலு பேரும் சீட்டாட வருவார்கள். பிள்ளையில்லாதவன் என்று பதினொரு வருடமாகப் பகிடிக்கு ஆளாகியிருந்த ஆனந்தராசா இப்போது நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ராத்திரி முழுக்க ஒரே உதை. என்ரை நித்திரையும் போச்சு" என்றார் ஒருநாள்.

"அப்பனைப்போலத் துடினம்" என்றார் கந்தையா. எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தராசாவின் முகம் எண்ணெய் பூசினதுபோலப் பளபளத்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த பத்மாசனி தட்டத்தை வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு தொட்டியில் குனிந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே சத்தி வந்தது. பின்னால் வந்த சுந்தரம்பாள் முதுகைத் தடவிவிட்டு, "ஏழாம் மாசத்திலையும் சத்தியே? அப்ப பெட்டைப்பிள்ளைதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் கையை வயிற்றுக்குக் கொண்டுவந்தபோது பத்மாசனி தள்ளி நின்றாள். கூச்சம் என்று சுந்தரம்பாள் நினைத்துக்கொண்டாள்.

சித்திரை பதினெட்டு வெள்ளிக்கிழமை. கொழும்புக்கு அவர்களுக்குக் கட்டுப்படியான விமானம் கிழமைக்கு ஒருக்கால்தான், அதுவும் வெள்ளியில். ஊருக்குப் போகிறவரை விமான நிலையம்வரை போய் வழியனுப்பாவிட்டால் நம்மவர்களுக்கு மனம் ஆறாது, பொதியில் ஏதாவது திணிக்காவிட்டால் தூக்கம் வராது. இரண்டு பிக்கப்பில் பதினொரு பேர் அபுதாபிவரை வந்தார்கள். பால்மா, சவர்க்காரம், மச்சானுக்குச் சேட்டுத்துணி, மாமிக்குத் தலையிடித் தைலம். சுந்தரம்பாள் தன் தங்கைக்கு என்று ஒரு பெரிய பொதியைச் சாக்கு ஊசியால் தைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

ஊரே பார்க்கப்போகிறது என்பதால் அன்றைக்கு எட்டாம் மாத வயிறுதான் கட்டவேண்டும் என்று ஆனந்தராசா நின்றார். கட்டினாள். போதாது என்று ஒரு துவாயையும் மடித்து வைக்கச் சொன்னார். வைத்தாள்.

கவுண்டரில் ஒரு மலையாளிப் பெண் இருந்தாள். கடவுச்சீட்டுகளைப் பார்த்தாள், பொதிகளைப் பார்த்தாள், பிறகு பத்மாசனியின் வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம் மேடம்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

பின்னால் பதினொரு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனந்தராசா முந்திக்கொண்டு, "எட்டு" என்றார், பரிசு வாங்குகிறவரைப்போல.

"டாக்டர் கடிதம் தரணும்."

"என்ன கடிதம்?"

ஏழு மாதத்துக்கு மேலே என்றால் டாக்டர் எழுதித் தராமல் ஏற்றமுடியாது என்றாள் அந்தப் பெண். சட்டம் அப்படி. கடிதம் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதோ அந்த அறையில் விமான நிலைய டாக்டர் இருக்கிறார், பத்து நிமிடத்தில் பரிசோதித்து எழுதித் தருவார் என்று அன்பாகவே சொன்னாள்.

ஆனந்தராசாவின் முகத்தில் இருந்த எண்ணெய் எல்லாம் வற்றியது. எல்லாம் யோசித்த மனிதர் இதை யோசிக்கவில்லை. உண்மையான கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் புருஷனாக இருந்திருந்தால் பத்துத் தரம் விசாரித்து வைத்திருப்பார். பஞ்சுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

"போயிட்டு வாங்கோவன். டாக்டருக்கென்ன வெக்கம்?" என்றாள் சுந்தரம்பாள்.

ஆனந்தராசா பத்மாசனியைக் கொஞ்சம் அப்பால் இழுத்தார். வேர்வையில் அவர் கை வழுக்கியது.

"சரி, இண்டைக்கு விடுவம். அடுத்த வெள்ளி ஒருத்தருக்கும் சொல்லாமல் போவம். உமக்குச் சுகமில்லை எண்டு சொல்லுறன்."

"செவ்வாய்க்கிழமை கோடு."

"மதருக்குத் தந்தி அடிப்பம்."

"ஒல்லாந்துக்காரருக்குக் குடுத்திடுவினம்."

"குடுக்கட்டும். வேறை பிள்ளை எடுக்கலாம். பிள்ளைக்கே பஞ்சம் இலங்கையிலை?"

பத்மாசனி அவரைப் பார்த்தாள். நாலு மாதமாக அருவருத்ததெல்லாம் பஞ்சைத்தான், வேர்வையைத்தான், பொய்யைத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. இந்த வாயைத்தான். சந்தையில் கத்தரிக்காய் சொத்தையென்றால் வேறு கத்தரிக்காய் எடுக்கிற வாய்.

அவள் கவுண்டருக்குத் திரும்பி நடந்தாள். முந்தானைக்குள் கையைப் பின்னால் விட்டு முடிச்சைத் தேடினாள். வேர்வையில் இறுகிக் கிடந்தது. நகம் உடைந்தது. இரண்டாம் இழுவையில் நாடா அறுந்து, பஞ்சும் துவாயும் சேலைக்குள்ளால் சரிந்து வந்தன. அதைத் தூக்கித் தராசில் இருந்த பொதிகளுக்கு மேலே வைத்தாள். முள் ஒரு துளி அசைந்தது.

"எட்டு மாசம் இதுதான், தங்கச்சி" என்றாள் மலையாளிப் பெண்ணிடம். "டாக்டர் தேவையில்லை."

அந்தப் பெண் வாயைத் திறந்தபடி இருந்தாள். பத்மாசனி பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பிள்ளை பிறக்காது. கொழும்பிலை ஒரு பிள்ளை இருக்கு, அதை எடுக்கப் போறம். ஆற்ரை எண்டு எனக்குத் தெரியாது. கேக்கவுமில்லை, கேக்கப் போறதுமில்லை."

கந்தையா கூரையைப் பார்த்தார். சுந்தரம்பாள் முன்னால் வந்தாள். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறாளோ என்று பத்மாசனி ஒரு கணம் ஏமாந்தாள். சுந்தரம்பாள் குனிந்து, பத்மாசனியில் முட்டாமல், தங்கைக்கென்று கொண்டுவந்த பொதியைத் தராசிலிருந்து இழுத்தெடுத்தாள்.

"வேறை ஆரிட்டையும் குடுத்துவிடுறன்" என்றாள்.

"நல்லது அக்கா. எங்களுக்கும் பாரம் குறையும்."

மலையாளிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு சீட்டுகளையும் எழுதினாள். முத்திரை குத்தும்போது, பத்மாசனிக்கு மட்டும் கேட்கும்படி, "பெண் குழந்தையோ?" என்று கேட்டாள். பத்மாசனி தலையாட்டினாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள்.

ஆனந்தராசா நின்ற இடத்திலேயே நின்றார். பிக்கப்பில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கம் நழுவினார்கள். அவர் அவர்களுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி இஞ்சை நான் எப்பிடித் தலைகாட்டுறது?"

"அதைத் திரும்பி வந்து யோசியுங்கோ. இப்ப நடவுங்கோ."

அவர் வந்தார். வெட்கத்தில் வந்தாரா, வேறு போக்கில்லாமல் வந்தாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நீதவான் முன்னால் கையெழுத்து வைக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பின்னால் வந்துகொண்டிருந்தது. அவரிடம் இனி அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.