என் மகளின் கணக்கு அரியரில் என் பங்கு

1

இந்தக் கதை ஒரு குளியலறையில் பிறந்தது. முகம் சுளிக்க வேண்டாம். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். என் வாழ்க்கையின் முக்கியமான செய்திகள் எல்லாம் யார் வீட்டுக் குளியலறையிலோ முட்டி போட்டிருக்கும்போதுதான் வந்து சேரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். நீளமான வாக்கியம் வந்தால் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அவள் கண்களில் நீர் ததும்பியது."

[அடித்துவிட்டேன். பேசியது போனில். கண் எனக்கு எப்படித் தெரியும்?]

இரண்டாம் தொடக்கம்: "கணக்கு என்பது ஒரு பெருங்கடல். அதில்

[கடலை நான் பார்த்ததே இல்லை.]

மூன்றாவது, நடந்தது நடந்தபடியே. கையெல்லாம் சிமெண்ட் பால். மூக்கு நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"அப்பா, போச்சு."

"என்ன போச்சு?"

"கணக்குதான். மறுபடியும்."

"எவ்வளவும்மா?"

"அத விடுங்கப்பா."

"சும்மா சொல்லு, இங்க யாரும் இல்ல."

"பத்தொன்பது."

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா உச்சுக் கொட்டினார்.

"யாருப்பா அது?"

"குளியலறைம்மா. எதிரொலிக்கும்."

என்ஜினியரிங் இரண்டாம் வருடம். மற்ற தாளெல்லாம் தேறிவிட்டாள். இது ஒன்றுதான் இரண்டாம் முறையும் கவிழ்த்துவிட்டது.

3

இனிமேல் கதையில் அப்பா வருகிறார். எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் இவர்தான்.

எங்கள் வேலையில், சுவரின் மேல் வரிசை கோணலாக நின்றால் குற்றம் மேல் வரிசையில் இருக்காது. அடி வரிசை ஒரு நூல் சரிந்திருக்கும். மேலே போகப் போக அது இரண்டு விரல் அகலம் ஆகிவிடும். அப்போது ரோஷமுள்ள ஆள் அடி வரைக்கும் பேர்த்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவான்.*

அன்று சாயங்காலம் மகளிடம் இதைத்தான் சொன்னேன். "மேல இருந்து பாக்காத. அடியில இருந்து பேத்துடு."

அவள் பரணில் ஏறி ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தாள். அடுத்த பரீட்சைக்குப் பத்து வாரம் இருந்தது. பின்னம் போட்டாள், தசமம் போட்டாள், சதவீதம் போட்டாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளோடு ஒத்துப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் சரி போட்டது நான். எண்கள் எனக்கு எழுத்துக்கு முன்பே பழக்கம். ஒரு கணக்கும் தப்பவில்லை. ஆறாம் வகுப்பில் என் மகளை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்.

பரீட்சைக்கு முதல் நாள் ஒன்பதாம் வகுப்பை எட்டியிருந்தோம்.

கேள்வித்தாளில் பின்னத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. வகைக்கெழுச் சமன்பாடு கேட்டிருந்தார்கள். (இந்தச் சொல்லை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. அவளிடம் மூன்று மணி நேரத்தில் தீர்க்கச் சொன்னார்களாம்.) மார்க் இருபத்தொன்று. பத்து வாரத்தில் இரண்டு மார்க் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது: "உங்க கையில எதக் கொடுத்தாலும் பேத்துத்தான் வைப்பீங்க."

* பேர்க்காமலும் சரிக்கட்டலாம். இடுக்குகளைத் துளித்துளியாக அகட்டி, நாலைந்து வரிசையில் கோணலைக் கரைத்துவிடலாம். பார்க்கிறவருக்குத் தெரியாது. நானே எத்தனையோ சுவரில் செய்திருக்கிறேன். மகளிடம் அதைச் சொல்லவில்லை. பெருமையான வேலையை மட்டும்தான் சொன்னேன்.

4

இப்போது நிலைமை இதுதான். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் போனால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள். எழுதுவதானால் வெள்ளிக்கிழமைக்குள் ஃபார்ம் கொடுக்க வேண்டும். ஃபார்ம் மேசைமேல் வெறுமையாகக் கிடந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் கதை நோட்டைத் திறந்தேன்.

முடிவு ஒன்று: தொண்ணூறு மார்க் வாங்குகிறாள். வாத்தியார் எழுந்து நின்று கை தட்டுகிறார்.

[எழுதும்போதே கூச்சமாக இருந்தது.]

முடிவு இரண்டு: படிப்பை விட்டுத் தொழில் தொடங்குகிறாள். நாலு என்ஜினியர்கள் அவளிடம் வேலை கேட்டு நிற்கிறார்கள்.

[படித்துக் காட்டினேன். "இதையே வையுங்க, நல்லாருக்கு" என்றாள் அவள் அம்மா.]

முடிவு மூன்று: இந்தத் தடவையும் தவறி, அவள்

[விட்டுவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் பேனாவைத் தொடவில்லை.]

5

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது நோட்டு அவள் மடியில் இருந்தது. எழுத்துப்பிழைகளைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல நான் எங்க இருக்கேன்?"

"கதையே உன்னப் பத்திதானேம்மா."

"எங்க? நீங்க பேக்கச் சொன்னீங்க, நீங்க வருத்தப்பட்டீங்க, நீங்க மூணு முடிவு எழுதினீங்க. என்னோடதுன்னு இருக்கறது மார்க்கு மட்டும்தான்."

நான் கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினேன்.

"அதுவும் நீங்க நினைக்கற மாதிரி இல்லப்பா. நீங்க சொன்னதுக்காகவா அந்தப் புத்தகத்த எடுத்தேன்? காலேஜ் புத்தகத்தத் திறந்த உடனே மூடிடுவேன். ஒளிஞ்சுக்க இடம் தேடிட்டு இருந்தேன். நீங்க ஆறாம் வகுப்பக் காட்டினீங்க. போய் ஒளிஞ்சுக்கிட்டேன்."

இத்தனை பக்கம் கஷ்டப்பட்டுக் குற்றத்தை என் தலையில் ஏற்றி வைத்திருந்தேன். அதையும் இறக்கிவிட்டாள். தலைப்பை மாற்றலாமா என்று பார்த்தேன். வேறு தலைப்பு வரவில்லை.

"ஃபார்ம் குடுப்பியாம்மா?"

"சொன்னா கதையில எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"அப்ப சொல்ல மாட்டேன்."

6

வெள்ளிக்கிழமை அவள் வெளியே போய்விட்டு வந்தாள். சாப்பிடும்போது தானாகவே சொன்னாள். இதைக் கதையில் எழுதுவதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். அதனால் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. படித்தவர்களுக்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்திருப்பது இதுவே முதல் தடவை. கொஞ்சம் அனுபவித்துக்கொள்கிறேன்.

முடிவில்லாமல் தூக்கம் வராது என்றால், கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மைக் கொடுக்க வையுங்கள், கிழிக்க வையுங்கள், உங்கள் இஷ்டம். அந்த அப்பனை மட்டும் வாய் திறக்க விடாதீர்கள்.