எந்தப் பக்கம் திரும்புவீங்க?

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. முன்னால் ஒரு சின்ன விமானம் நீளக் கயிற்றில் கட்டி அதை மேலே இழுத்துப் போகும். வேண்டிய உயரம் வந்ததும் கிளைடரில் இருப்பவர் மஞ்சள் குமிழைப் பிடித்து இழுத்தால் கொக்கி திறந்து கயிறு விடுபடும். அதன்பின் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போக வேண்டும்.

"கயிறு போயிடுச்சான்னு கண்ணால பாரு. பார்த்துட்டு நீ இடது பக்கம் திரும்பு. விமானம் வலது பக்கம் இறங்கும்" என்று அப்துல் ஜலீல் வேம்புவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஜலீல் கூத்தாநல்லூர்க்காரர். சிங்கப்பூரில் கடை வைத்திருந்தபோது அங்கே ஒரு கிளப்பில் பறக்கக் கற்றவர். தஞ்சாவூருக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்டு அப்படியே விட்டுப்போன ஓடுபாதையில் கிளைடர் கிளப் தொடங்கியபோது பயிற்சியாளராக வந்தார். என்.சி.சி. மாணவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த வேம்பு அப்படித்தான் உள்ளே வந்தாள். அவளுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு சேரி. அப்பா வைரக்கண்ணு, மிராசுதார் துரைராசுவின் பண்ணையில் கூலியாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்த ஊர்த் தலைவரும் அவர்தான்.

அந்த வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலியை உயர்த்தச் சொல்லிச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. துரைராசுவின் வரப்புகளில் செங்கொடி நட்டிருந்தார்கள். முற்றிய கதிர் சாய்ந்து கிடந்தது. அரிவாள் வைக்க ஆளில்லை.

மிராசுதாரின் மகன் தியாகராசன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். அங்கே விமானம் ஓட்டக் கற்றிருந்தார். இழுவை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர் வடக்கே மாற்றலாகிப் போனதால், கிளப் தியாகராசனைக் கூப்பிட்டு உட்காரவைத்தது.

அவர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வேம்பு தனியாகப் பறந்தாள். உயரம் வந்தது. குமிழை இழுத்தாள். கயிறு போனதைப் பார்த்தாள். இடது பக்கம் சாய்த்தாள். முன்னால் போன விமானமும் இடது பக்கமே சாய்ந்தது. அதன் பின்னால் இழுபட்ட கயிறு காற்றில் அலைந்து, நுனியிலிருந்த இரும்பு வளையம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. கிளைடரின் மூக்கைக் கீழே அமுக்கி, வலது பக்கம் முறித்துத் திருப்பினாள். வளையம் தலைக்கு மேலே கண்ணாடி மூடியை ஒட்டிப் போயிற்று. தரையில் இறங்கி மூடியைத் திறந்தாள்.

தியாகராசன் விரைந்து வந்தார். "யார் உனக்கு இடது பக்கம் திரும்பச் சொன்னது? அமெரிக்கா முழுக்க கிளைடர் வலது பக்கம்தான் போகும். விமானம் இடது பக்கம். என்னைக் கொல்லப் பார்த்தியா?"

"இந்தக் கிளப்புல இடது பக்கம்தான் சார்."

"காலையில நானே உங்ககிட்ட சொன்னேனே தம்பி, நீங்களும் தலையை ஆட்டினீங்க" என்றார் ஜலீல்.

"எனக்கு ஞாபகமில்லை. எனக்குத் தெரிஞ்சது உலகத்துக்கே பொது."

"உலகத்துக்குப் பொதுவா ஒண்ணும் கிடையாது தம்பி. ஆஸ்திரேலியாவுல கிளைடர்காரங்க இழுக்கிற விமானத்துக்குக் கீழே தாழ்ந்தே போவாங்க. மத்த இடத்துல மேலே போவாங்க. ஊருக்கு ஊர் மாறும். அதனாலதான் ஏறுறதுக்கு முன்னாடி பேசிக்கிறது."

கமிட்டி கூடியது. செயலாளர் குஞ்சிதபாதம் வக்கீல். துரைராசுவின் வழக்குகள் அவரிடம்தான் இருந்தன. வேம்பு மன்னிப்புக் கேட்கும்வரை பறக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

"எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டாள் வேம்பு.

"பெரிய மனுஷன் வீட்டுப் பிள்ளை உயிருக்கு ஆபத்து வந்துச்சு. அதுக்கு."

"என் உயிருக்கும் வந்துச்சே. அதுக்கு யார் கேப்பாங்க?"

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வேம்பு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சீருடை போட்டுக்கொண்டு வந்தாள். மற்றவர்களின் கிளைடரைத் தள்ளினாள், துடைத்தாள், கொட்டகை ஓரம் உட்கார்ந்து பறப்பவர்களைப் பார்த்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லத் துணியவில்லை.

ஒருநாள் மாலை வைரக்கண்ணு கல்லூரி விடுதி வாசலில் வந்து நின்றார். துரைராசுவின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வீடு தேடி வந்து பேசினாராம். வயலிலிருந்து கொடியைப் பிடுங்கினால் பொண்ணை மறுபடி பறக்க விடுகிறோம் என்றாராம்.

வேம்பு முந்திக்கொண்டாள். "கொடியை எடுத்துடாதீங்கப்பா. எனக்காக எடுத்தீங்கன்னா நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

"கொடியை எடுக்கலாமான்னு கேக்கவா பஸ் ஏறி வந்தேன்?" என்றார் வைரக்கண்ணு. "நீ மன்னிப்புக் கேட்டுடாதேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். படிச்ச பிள்ளை, தனியா இருக்கே, நாலு பேர் நச்சரிச்சா கேட்டுடுவியோன்னு பயம்." மடியிலிருந்து பொரிவிளங்காய் உருண்டைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து என்.சி.சி. அதிகாரி ஒருவர் கிளப்பைப் பார்வையிட வந்தார். ஓடுபாதை ஓரம் பந்தல் போட்டு ஊர்ப் பெரியவர்களையும் அழைத்திருந்தார்கள். பெண் மாணவி பறப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். தனியாகப் பறக்கத் தெரிந்த பெண் அங்கே ஒருத்திதான். குஞ்சிதபாதம் அவசரமாக அவளிடம் வந்தார். "மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. ஏறு."

வேம்பு ஏறினாள். பெல்ட்டை மாட்டினாள். கிளப் ஊழியர் முருகையன் கயிற்று வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறக்கை நுனியைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, சார் எந்தப் பக்கம் திரும்புவார்னு கேட்டுட்டு வாங்க."

முருகையன் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகம் சுருங்கியிருந்தது. "அவளுக்கு எதுக்கு நான் சொல்லணும்னு கேக்கிறாரும்மா."

விமானம் உறுமியது. கயிறு மெல்ல நகர்ந்து இறுகியது. வேம்பு மஞ்சள் குமிழை இழுத்தாள். ‘டக்’ என்று வளையம் கழன்று புல்லில் விழுந்தது. விமானம் மட்டும் கொஞ்ச தூரம் உருண்டுபோய் நின்றது.

கொக்கி கோளாறு என்று நினைத்துக்கொண்டு முருகையன் மறுபடி மாட்டினார். கயிறு இறுகியது. வேம்பு மறுபடி இழுத்தாள். வளையம் மறுபடி விழுந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

தியாகராசன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். கூடவே அதிகாரியும் வந்தார்.

"என்ன பிரச்சினை?" என்றார் அதிகாரி.

"கயிறு விட்டதும் இவர் எந்தப் பக்கம் திரும்புவார்னு எனக்குத் தெரியணும் சார்" என்றாள் வேம்பு. உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் அசையவில்லை. "இடதோ வலதோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அவர் பழகினபடியே திரும்பட்டும், நான் மறுபக்கம் போறேன். ஆனா என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். சொல்லாம எத்தனை தடவை மாட்டினாலும் அவிழ்ப்பேன்."

"இது நியாயமான கேள்விதானே?" என்று அதிகாரி தியாகராசனைப் பார்த்தார்.

தியாகராசன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பந்தலில் முன்வரிசையில் அவருடைய அப்பா துரைராசு நின்றிருந்தார். கூலியாள் மகளுக்கு அவர் பதில் சொல்வாரா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இடது பக்கம்" என்றார் கடைசியில். "நீ வலது பக்கம்."

"சரி சார். நான் வலது பக்கம். நீங்க இடது பக்கம்."

கயிறு இறுகியது. இந்தத் தடவை கிளைடர் ஓடியது, துள்ளியது, தரையை விட்டது. வாய்க்கால்களும் தென்னந்தோப்புகளும் கீழே போயின. உயரம் வந்ததும் வேம்பு குமிழை இழுத்து, கயிறு விலகுவதைப் பார்த்து, வலது பக்கம் சாய்த்தாள். விமானம் இடது பக்கம் சரிந்து சிறுத்துப் போயிற்று. எஞ்சின் சத்தம் அடங்கி இறக்கையில் காற்று மட்டும் கேட்டது. அவள் வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை.

இறங்கியதும் அதிகாரி கைகுலுக்கினார். அன்றைக்கே ஜலீல் கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்: ஏறும் முன் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

தியாகராசன் அவளைக் கடந்து போகும்போது நின்றார். "அப்பன் திமிர் அப்படியே வந்திருக்கு."

"ஆமா சார். அப்படியே வந்திருக்கு" என்றாள் வேம்பு.

வேலைநிறுத்தம் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. வைரக்கண்ணுவுக்குத் துரைராசுவின் பண்ணையில் அதன்பின் வேலை இல்லை. மன்னார்குடிப் பக்கம் போய் அறுத்தார், அங்கேயும் சங்கம் கட்டினார். கிளப் அடுத்த வருஷம் வேம்புவின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அவள் ஜலீலிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினாள். அங்கே பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிய மறுநாளே முதல் மாணவனை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு மேலே போனாள்.