ஃபோகுஸ் என்றால் அடுப்பு

1

இந்தக் கதை பிறந்தது பயத்தில். லத்தீனில் ஃபோகுஸ் என்றால் அடுப்பு என்று படித்த நிமிடமே சமையலறைக்கு ஓடினேன். என் அடுப்பு அணைந்துதான் இருந்தது. பயம்தான் அணையவில்லை. அதை இன்னொருத்தி தலையில் கட்டிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “அகராதி அலுவலகத்தின் மாடியில் வெயில்...” (வேண்டாம். வெயில் யாருக்கு வேண்டும்?)

இரண்டாவது: இரண்டு பெண்கள் லத்தீன்-தமிழ் அகராதிக்கு மெய்ப்புப் பார்க்கிறார்கள். மூத்தவள் உரக்கப் படிக்க, இளையவள் அச்சுத்தாளில் விரல் வைத்துத் தொடர்கிறாள்.

“ஃபோகுஸ், ஆண்பால். இரண்டாம் வேற்றுமை ஃபோகும். விளி ஃபோகே. அடுப்பே!”

“அடுப்ப யாருக்கா கூப்பிடப்போறா?” என்று சிரித்த இளையவளின் முகம் சட்டென்று வெளிறியது. “அக்கா, பால அடுப்புல வச்சேன். அணைச்சேனான்னு ஞாபகமில்ல.”

வீட்டில் அப்பா மட்டும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரியாது. பால் பொங்கித் தீ அணைந்து, கேஸ் கசிந்து, அவர் தூக்கத்திலேயே

(இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

போன் செய்யலாமே என்கிறீர்களா? செய்தாள். அவர் எடுக்கவில்லை.

3

“பாதியில எழுந்தா மறுபடி முதல்லேருந்து படிக்கணும்மா. நாலு வரிதான். முடிச்சிட்டு ஓடு” என்றாள் மூத்தவள்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். பெற்ற அப்பாவைவிடவா ஒரு சொல் பெரிது? இரண்டுமுறை அவளை எழுப்பி எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. ஒரு சொல்லையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவள் அவள்.

அந்த நாலு வரி இதுதான்: தீக்கு லத்தீனில் இக்னிஸ் என்று தனிச்சொல் இருந்தது. ஜனங்கள் அடுப்பின் பெயரையே தீக்கும் சொல்லிச் சொல்லி, பேச்சில் இக்னிஸ் மறைந்தது. இத்தாலிய ஃபுவோகோ, ஸ்பானிய ஃபுவேகோ எல்லாம் ஃபோகுஸின் பிள்ளைகள். அத்தனைக்கும் தீ என்றே பொருள்.

தீ, தீ என்று அக்கா படிக்கப் படிக்க, இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

4

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காலிங்பெல்லில் விரல் வைக்கப் போனவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளே கேஸ் நிறைந்திருந்தால் ஒரு பொறி போதும். கையால் தட்டினாள்.

“அப்பா! அப்பா, கதவத் திறங்கப்பா!”

5

முடிவு ஒன்று: “பால அப்பவே இறக்கிட்டேனே, ஏம்மா கத்துற?” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறார். இதை எழுத ஆசை. நம்பத்தான் முடியவில்லை.

முடிவு இரண்டை எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது உங்கள் பொறுப்பு. ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது தனியாக இருந்தால், முதலில் ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள். எடுக்கவில்லையென்றால் இந்தக் கதையை அப்படியே போட்டுவிட்டு ஓடுங்கள்.