அத்தையின் ஆறு இலக்கம்

ஜூலை 11, வெள்ளி

ஒரு சிறு தவறை முதலில் எழுதிவிடுகிறேன். போன வாரம் கம்ப்யூட்டர் மாலை வகுப்பில், மெசேஜ் ஆப்பில் நம் கணக்கை வேறு யாரும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆறு இலக்க ரகசிய எண் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் ஒருவருக்காவது அதைப் போட்டுவிட்டு வர வேண்டும் என்றார்கள். நான் பிரமிளா அத்தைக்குப் போட்டுக்கொடுத்தேன். "மறக்காத நம்பரா போடுங்க அத்தை" என்றேன். மற்றவர்களுக்குத் தெரியாத நம்பராகவும் இருக்க வேண்டும் என்று சொல்ல விட்டுப்போயிற்று. எண் மறந்தால் மீட்பதற்கு ஒரு மின்னஞ்சலும் கேட்டது ஆப். அத்தைக்கு மின்னஞ்சல் இல்லை என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். அதையும் சேர்த்தால் தவறு இரண்டாகிறது.

அத்தை கண்ணை மூடி யோசித்து, போனை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டு எண்ணைப் போட்டார். அவ்வளவு கவனமாக இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று அந்தப் போன் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸின் சக்கரத்தடியில் போயிற்று. புதுப் போனில் ஆப்பைப் போட்டால் அது ஆறு இலக்கத்தைக் கேட்கிறது. அத்தைக்கு ஞாபகம் இல்லை.

இதில் மாட்டிக்கொண்டது என் அக்கா சுஜிதா. வரும் ஞாயிறு திருப்பதியிலிருந்து ஒரு வரன் வீட்டார் அவளைப் பார்க்க வருகிறார்கள். அத்தைதான் நடுவில் நின்று பேசுகிறார். சர்ச்சில் காலை ஆராதனைக்கே வந்து, கொயரில் நின்று பாடும் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா கூடாது என்றாள். போன வருடம் ஒரு வரன் அப்படித்தான் வந்து பார்த்துவிட்டுப் போனது. அது அமையவில்லை என்றதும் சபையில் எல்லோரும் மாதக்கணக்கில் அவள் கையைப் பிடித்துப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். வரன் போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதனால் சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வரச் சொல்வதாக ஏற்பாடு. அதை அத்தை இன்னும் அவர்களுக்கு எழுதவில்லை. அவர்களுடைய எண்ணும் ஆப்பில் மட்டும்தான் இருக்கிறது. அத்தை யார் பெயரையும் சேமித்து வைப்பதில்லை. போட்டோவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார். ரகசிய எண் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திரு என்கிறது ஆப். ஞாயிறோ நாளை மறுநாள்.

இதை அத்தை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். இன்று சாயங்காலம் கொயர் பயிற்சியில், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"ஏ கிரேஸு, நீ போட்ட பூட்டு தொறக்க மாட்டேங்குது. இன்னா நம்பருன்னு சொல்லு."

"நீங்கதான் எனக்குக் காட்டாம போட்டீங்க அத்தை."

"பாட்டு நம்பர்தான் போட்டேன். மூணும் மூணும் ஆறு. என் கல்யாணத்துல உள்ள வரச்சொல்ல பாடினது ஒண்ணு, வெளிய போகச்சொல்ல பாடினது ஒண்ணு. பாட்டு ஞாபகம் இருக்குது. நம்பர் மட்டும் அந்த பஸ்ஸு சக்கரத்தோட பூடுச்சு."

"மெதுவா அத்தை" என்று நான் சொல்வதற்குள் எர்னஸ்ட் அங்கிள் ஆர்கனில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார். அவர் ராகத்தைத் தொட்டதும் பெண்கள் வரிசை பாடத் தொடங்கியது. இது வெளியே போகும்போது பாடினது என்று ஆண்கள் வரிசை சண்டைக்கு வந்தது. ஒருவழியாக இரண்டு பாட்டும் முடிவாகி, பாட்டுப் புத்தகத்தில் எண்களைப் பார்த்துப் போட்டோம். தவறு என்றது ஆப். அக்கா பாடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது புது புஸ்தகம்" என்றார் பெண்கள் வரிசையில் நின்ற தேவசேனா ஆண்ட்டி. "பிரமிளா கல்யாணம் பழைய புஸ்தகத்துல. நம்பரெல்லாம் மாறிப்போச்சே."

"பழசு எங்க இருக்குது?"

"என் ஆர்கன் காலுக்கு அடியில" என்றார் எர்னஸ்ட் அங்கிள். "ஆடாம இருக்கறதுக்கு வச்சேன்."

இரண்டு பேர் ஆர்கனைத் தூக்க, நான் புத்தகத்தை உருவினேன். எண்களைப் போட்டதும் ஆப் திறந்துகொண்டது. கொயர் முழுவதும் கை தட்டியது. பழைய செய்திகள் வந்து சேர்ந்ததும் புதியவை டிங் டிங் என்று விழத் தொடங்கின. பத்துத் தலைகள் திரைமேல் குனிந்தன. முதல் செய்தி, 'சுஜிதா பாப்பாவை' என்று ஆரம்பித்தது. கையிலிருந்த பழைய பாட்டுப் புத்தகத்தை அப்படியே போன்மேல் வைத்தேன்.

"இன்னாம்மா மூடிட்ட?" என்றார் தேவசேனா ஆண்ட்டி.

"மூடி வச்சாத்தான் ஆண்ட்டி சீக்கிரம் இறங்கும்."

"மாங்கா பழுக்க வக்கிற மாதிரியா?" என்றார் எர்னஸ்ட் அங்கிள்.

ஆமாம் என்றேன். வகுப்பில் அப்படி யாரும் சொல்லவில்லை.

"நல்ல வேளை, நானும் பாட்டு நம்பர்தான் வச்சிருக்கேன். பிரமிளாதான் சொல்லிக்குடுத்தா" என்றார் ஆண்ட்டி. "எந்த பாட்டுன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

எர்னஸ்ட் அங்கிள் ஆர்கன் பக்கம் திரும்பினார். ஆண்ட்டி ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்டு வாங்கும் பாட்டை இரண்டு வரி வாசித்தார். ஆண்ட்டி தன் போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அத்தையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் செய்தியை அனுப்பவைத்தேன். 'சரி, சாயங்காலமே வருகிறோம்' என்று பதில் வந்தது. வீட்டு வாசலில் அக்கா, "நான் கட்டின கிளாஸ் பீஸுக்கு இன்னைக்கு கணக்கு தீர்ந்துச்சு. ஆனா அத்த பூட்டுக்கு கொயர் மொத்தம் சாவி வச்சிக்கினு இருக்குது, அத பாரு" என்றாள்.

அவள் சொல்வது சரி. ரகசிய எண் மட்டும் இருந்தால் போதாது, எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணும் வேண்டும். ஆனால் அதை யார் போனில் கேட்டாலும் அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து நிதானமாக வாசித்துக் காட்டுவார். மேலே ஓர் இடத்தில் அந்த ஆறு இலக்கத்தை நானே எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதைத் திரும்ப எழுதுகிறேன்.

நாளை காலையில் அத்தை வீட்டுக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். பாட்டு, பிறந்தநாள், வண்டி நம்பர் எதுவும் கூடாது. ஒரு மின்னஞ்சல் உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அடைக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை எனக்குக்கூட வாசிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து தேவசேனா ஆண்ட்டி வீடு, அவர் எண்ணையும் மாற்ற. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பலகையில் எல்லோரும் பார்க்க அன்றைய பாட்டு எண்களை மாட்டுவதற்கு முன்னால்.