டேப் சுற்றிய ஸ்விட்ச்

நடந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லோகேஸ்வரி இதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள்; நடுநடுவே வெகுநேரம் பேசாமல் இருந்துவிடுவாள். அந்த மௌனங்களில் நானாக எதையாவது நிரப்பிக்கொண்டேனோ என்னவோ. நாற்றத்தைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. அதை அவள் இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னாள்.

மலேசியாவில் கிள்ளானுக்கு வெளியே, காப்பார் சாலையோரம், தகரக் கூரை போட்ட மரச்சாமான் தொழிற்சாலை. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த முகமது ரஃபீக் இரண்டு பலகைகளை ஜிக் என்ற பிடிச்சட்டத்தில் இறுக்கி, அதன் இடுக்குகளில் ரௌட்டர் மெஷினின் சுழலும் வெட்டு பிட்டை நுழைத்து இழுப்பான். புறா வாலைப் போல நுனி விரிந்த பற்கள் விழும். மழுங்கிய பிட் ரப்பர் மரத்தை அறுக்காது, கருக்கும். புளித்த புகை தொண்டையில் ஒட்டும். அந்தப் பற்களைக் கோத்து, பசை வைத்து, தட்டி டிராயராக்குவது லோகேஸ்வரி. மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும்.

பலகை மாற்றும்போதெல்லாம் ரௌட்டரை அணைத்து, பிட் நின்ற பிறகே கையைக் கொண்டுபோக வேண்டும். முதலாளி கமலநாதனுக்கு அது பொறுக்கவில்லை.

“ஆன் பண்ணு, ஆஃப் பண்ணுன்னு என்னா லா டான்ஸ் ஆடுறீங்க? லோகேஸ், ஸ்விட்ச்சை அமுக்கி டேப் சுத்திடு, ஓடிக்கிட்டே இருக்கட்டும்.”

சுற்றினாள். ரஃபீக்கின் ரௌட்டரில், பக்கத்து மேசை இராமலிங்கத்தின் ரௌட்டரில்.

“நல்லா இறுக்குங்கக்கா” என்று ரஃபீக் சிரித்தான். “பாஸ் கை மாதிரி இருக்கணும், புடிச்சா விடக் கூடாது.”

மூன்றாவது வாரம், அவன் பலகையைக் கழற்றும்போது ஜிக் மேல் ஓடிக்கொண்டிருந்த ரௌட்டர் நழுவியது. இடக் கையில் இரண்டு விரல்கள் போயின. மரப்புகையோடு வேறொன்றும் கருகிய நாற்றம் வந்தது.

மறுநாள் காலை கமலநாதன் ஒரு பை நிறைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார். லோகேஸ்வரியின் மேசையில் அந்தப் பலகை கிடந்தது. பற்களின் இடுக்கில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“சேண்ட்பேப்பர் வச்சு ரெண்டு இழுப்பு இழு, போயிடும். பன்னெண்டு மணிக்கு லோரி வருது. மொதல்ல சாப்பிடு.”

அவள் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள்.

“ரஃபீக் எப்படி இருக்கான் பாஸ்?”

“இருக்கான், இருக்கான்.” சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். “டேப்பை அவனே சுத்திக்கிட்டான், நீ பாத்தே. கீழ ஒரு கையெழுத்து போடு. பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திடுறேன். நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குத் தலைவலி?”

“அவன் யாரு ஆளு பாஸ்?”

கமலநாதன் சிரித்தார். வெற்றிலைக் கறை படிந்த பல் தெரிந்தது. “சரி, அப்ப யாரு சுத்தினதுன்னு எழுதட்டும்? நீதானே சுத்தினே?”

நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். காய்ந்த பசை தோலோடு உரியும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தும் இருந்தன. அவற்றின் மேலேயே அருவருப்பு வந்தது.  பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் பேனாவை நீட்டினார்.

“ஆமா, நான்தான் சுத்தினேன்” என்றாள். “நீங்க சொன்னீங்க, நான் சுத்தினேன். ரெண்டையும் எழுதுங்க. போடுறேன்.”

பக்கத்தில் ரௌட்டர் சட்டென்று நின்றது. இராமலிங்கம் டேப்பைக் கிழித்துத் தரையில் போட்டார்.

“என்னையும் சேத்து எழுதுங்க பாஸ். நீங்க சொல்லும்போது நானும் இங்கதான் நின்னேன்.”

பாலிஷ் பகுதியிலிருந்து வாணியும் மற்றவர்களும் கை துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

“என்னா லா கூட்டம்? நாளைக்கே வேற ஆளுங்கள எறக்கிடுவேன், தெரியுமா?”

“எறக்குங்க பாஸ்” என்றாள் வாணி. “அவங்களுக்கும் பத்து விரல்தான்.”

அந்தப் பலகையை யாரும் தேய்க்கவில்லை. இராமலிங்கம் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டார். வாணி ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, நடந்ததைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மலாயில் எழுதினாள். முதல் கையெழுத்து லோகேஸ்வரியுடையது. மொத்தம் பதினொன்று. நாசி லெமாக் பொட்டலங்களில் எறும்பு ஏறியது.

ரஃபீக் இப்போது செலாயாங்கில் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் இருக்கிறான்; பெர்மிட் என்ன ஆகும் என்று தெரியவில்லை. லோகேஸ்வரியை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாசார் சந்தையில் மீன் சுத்தம் செய்கிறாள். இராமலிங்கமும் வாணியும் அங்கேயே வேலை செய்கிறார்கள். கமலநாதன் வக்கீல் வைத்திருக்கிறார். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை அடுத்த மாதம் பதினான்காம் தேதி. அன்றைக்குச் சாட்சி சொல்ல மற்ற பத்துப் பேரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.